வியாழக்கிழமைத் தொடைகள்

செவ்வாய்க்கிழமை நான் தூக்கியது
எழுபது கிலோ.
புதன் முழுக்க அது எங்கோ போயிருந்தது.
இன்று திரும்பி வந்து
என் தொடைகள் இரண்டிலும் குடியேறிவிட்டது,
வாடகைகூடப் பேசாமல்.

கழிப்பறையில் உட்காரச் சுவரைப் பிடிக்கிறேன்.
எழுந்திருக்கத் துவைக்கும் இயந்திரத்தை.
வீடு ஐந்தாம் மாடியில்.
மின்தூக்கி மார்ச் மாதத்தோடு நின்றது.
ஏறும்போது ஒன்றுமில்லை.
இறங்கும்போதுதான்
ஒவ்வொரு படியும் நிறுத்திப் பெயர் கேட்கிறது.

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்துபோட்டு
முட்டைக்கோஸை உப்பில் அடுக்கிக்கொண்டிருந்த ஹெர்மினே
"பின்பக்கமாக இறங்கு" என்றாள்.
இறங்கிப் பார்த்தேன். சரிதான், வலி பாதி.
ஆனால் நாற்பத்துமூன்று வயதில்,
கியும்ரியில், நவம்பர்ப் பனியில்,
ரயில் நிலையத்து டிக்கெட்காரி
வீட்டைப் பார்த்தபடியே வேலைக்குப் போகிறாள் என்று
சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

கண்ணாடிக்குப் பின்னால்
யெரெவானுக்கு ஒன்று, யெரெவானுக்கு மூன்று,
சில்லறை இல்லையா, சரி,
எல்லாவற்றுக்கும் நடுவில் அதே கேள்வி:
இன்று போவதா, வேண்டாமா.

போ என்பான் வார்த்கெஸ்.
வலிக்கிறதென்றால் வேலை செய்திருக்கிறது, இன்னும் போடு என்பான்.
அவனுக்கு இருபத்தாறு வயது.
வலது தோளில் இரண்டு தையல் தழும்பு.

வேண்டாம் என்பாள் என் தங்கை ஸாருஹி.
புண்ணை யாராவது சொறிவார்களா என்பாள்.
அவள் இரும்பைத் தொட்டதே இல்லை.
இரட்டைப் பிள்ளைகளை மட்டும் தூக்கினாள்,
இரண்டு வருடம், விடுமுறை நாள் இல்லாமல்.
நேற்றைய இடுப்பு இன்று சரியாயிற்றா என்று
அவளை யாரும் கேட்டதில்லை.
நானும் கேட்டதில்லை.

ஆகவே நானே விசாரிக்கிறேன்.
மேஜைக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்தி:
நீ யார்? குத்தலா, கடுப்பா, குடைச்சலா, உளைச்சலா?
குத்தல் என்றால் வீட்டுக்குப் போக வேண்டும்.
ஒரு காலில் மட்டும் என்றாலும்,
மூட்டுக்குள்ளிருந்து வருகிறதென்றாலும் அப்படியே.
போன வருடம் ஒரு குத்தலை
உளைச்சல் என்று பெயர் மாற்றிக் கூட்டிப் போனேன்.
மூன்று வாரம் கைத்தடி.

அதற்கும் முன்பு ஒருமுறை
முழுக்க ஆறட்டும் என்று காத்திருந்தேன்.
நாலே நாளில் ஆறியது.
கூடவே நானும் ஆறிப்போனேன்,
பதினோரு மாதம்.

இது இரண்டு பக்கமும் சமமாக,
ஊறின மாவு மாதிரி, கனமாக,
கொஞ்சம் கோபத்தோடு இருக்கிறது.
நடைமேடையின் கோடிவரை போய்த் திரும்பினால்
முனகல் தணிகிறது.
உட்கார்ந்தால் மறுபடி இறுகுகிறது.
உளைச்சல்தான்.
போகலாம். ஆனால் எதைத் தூக்க?

பழைய கொதிகலன் அறை. ஈரச் சுவர்.
எனக்காக எழுபதை ஏற்றிவைத்திருந்தான் வார்த்கெஸ்.
ஒவ்வொரு தட்டாகக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன்.
மிஞ்சியது வெறும் கம்பி, பதினைந்து கிலோ.
விருந்துக்கு வந்து
தண்ணீர் மட்டும் கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

முதல் இறக்கம்:
தொடைகள் என் குலத்தையே திட்டின.
இரண்டாவது: குலத்தை விட்டு என்னை மட்டும்.
மூன்றாவதில் எங்கோ வெதுவெதுப்பு,
பனிக்கால வண்டி நாலாவது முயற்சியில்
கிளம்பலாமா என்று யோசிப்பதுபோல.
எட்டாவதில் பேச்சு நின்றது.

சுவரில் சாய்ந்த தட்டுகளைப் பார்த்தேன்.
ஒரு தட்டு? சின்னது? பக்கத்துக்கு ஒன்று?
வார்த்கெஸ் பார்க்காத நேரத்தில் சின்னதை எடுத்தேன்.
கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
திரும்ப வைத்தேன்.
அவன் பார்த்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

இரவு ஐந்து மாடி.
ஏறும்போது ஒன்றுமில்லை, சொன்னேனே.
கதவருகில் குப்பை வாளி நிரம்பி நிற்கிறது.
அதைக் கீழே கொண்டுபோக வேண்டும்.

இருக்கட்டும், சனிக்கிழமைவரை.