பனி விலகட்டும்

கட்டபெட்டு. கார்த்திகை. காலை பத்து மணி.
பட்டறைக்குள் பனி வந்து உட்கார்ந்திருக்கிறது.
மேசைமேல் பெள்ளியின் ஜீப் ஆயில் தொட்டி,
கோடநாடு சாலைக் கல் கிழித்த அலுமினியம்.

"ஒரு பற்றுதானே, வச்சுக் குடும்மா."
மூன்றாம் முறை கேட்கிறார்.

இரும்பென்றால் வைத்திருப்பேன்.
சிவந்து, மஞ்சளித்து, சொல்லிவிட்டுத்தான் உருகும் அது.
இது நிறம் மாறாமல் நிற்கும்,
நின்றபடியே பொத்தென்று விழும்.
மேலே கண்ணுக்குத் தெரியாத தோல் வேறு,
உள்ளே எல்லாம் குழம்பான பிறகும்
உருகாத தோல்.

தேய்த்தேன். அசிட்டோனில் துடைத்தேன்.
துடைத்த கணமே மறுபடி வளர்ந்திருக்கும்.
அதை மின்சாரம் பார்த்துக்கொள்ளும்.
ஈரத்தைத்தான் பார்த்துக்கொள்ள ஆளில்லை:
குழம்பில் நுழைந்து, ஆறும்போது
ஆப்பத்து நடுப்போலத் துளைத்துவிட்டுப் போகும்.

அடுப்பில் தொட்டியைச் சூடாக்குகிறேன்.
பெள்ளியும் கை காய்ச்சிக்கொள்கிறார்.

பதினொன்றரைக்கு
எதிர்ச்சரிவில் தேயிலை தெரிந்தது.
ஆர்கானைத் திறந்து முகமூடியை இறக்கினேன்.
ஒரு சின்னக் குளம்.
கம்பியை அதில் தொட்டு எடுத்து,
தொட்டு எடுத்து,
கரை வரைக்கும் போனேன்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். கசியவில்லை.

காத்திருந்த நேரத்துக்கும் கூலி உண்டா என்றார் பெள்ளி.
யாருக்கு என்று கேட்டேன்.