எழுபத்தெட்டும் தொண்ணூற்றொன்றும்

மே மாதம்.
கிரீன் சர்க்கிள் சிக்னலில்
கைப்பிடி ரப்பர் உருகி உள்ளங்கையில் ஒட்டும் வெயில்.
முழு சார்ஜ் ஏற்றிப் பாகாயத்தில் கிளம்பி
குடியாத்தம் போய் வந்து
மிச்சத்துக்கு ஊரைச் சுற்றினேன்.
தொரப்பாடி ஜெயில் மதிலோரம் வண்டி மூச்சை விட்டது.
எழுதிக்கொண்டேன்: எழுபத்தெட்டு கிலோமீட்டர்.
கம்பெனிக்காரன் சொன்னது நூற்றுப் பதினைந்து.

மார்கழியில் அதே வண்டி, அதே ரோடு,
அதே நான், ஒன்றரைக் கிலோ கூடுதலாய்.
தொண்ணூற்றொன்று.

சத்துவாச்சாரியில் எனக்கொரு கடை.
பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் சர்வீஸ்.
போனில் இரண்டு குழு.
மின்வண்டித் தோழர்கள், நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
அங்கே எழுபத்தெட்டைப் போட்டேன்.
ராணிப்பேட்டை தோல் கம்பெனி சூப்பர்வைசர்
புருஷோத்தமன் சொன்னார்:
ஓட்டத் தெரியாதவங்க கையில குடுத்தா
ஏரோப்ளேன்கூட நிக்கும்.
எண்பது கட்டைவிரல்கள் நிமிர்ந்தன.

பெட்ரோலே போதும் என்றொரு குழு.
அங்கே தொண்ணூற்றொன்றைப் போட்டேன்.
எவ்ளோ வாங்குனக்கா, என்றான் இம்தியாஸ்.
அவன் வீட்டு இன்வெர்ட்டருக்கு
போன வாரம்தான் கடனுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருந்தேன்.

அப்புறம் எங்கோ ஒரு ஸ்கூட்டர் எரிந்தது.
ஒரே வீடியோ பதினோரு முறை வந்தது.
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
தீக்குள்ளே சைலன்சர் தெரிகிறது, என்றேன்,
அது பெட்ரோல் வண்டி.
மேட்டர் அது இல்லக்கா, என்றார்கள்.
வேறு எது என்று
யாரும் சொல்லவில்லை.

இதை நான் புதுசாகப் பார்க்கவில்லை.
சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு
என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
கோட்டைக்குள் சாமி திரும்பி வந்து
நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.
வெள்ளிக்கிழமை செருப்பு விட இடம் கிடைக்காது.
அந்த நவம்பரில் பாலாறு
விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தைப் பிய்த்துப் போட்டது.
வேடிக்கை பார்க்கக் கரையில் நின்றோம்,
கணுக்காலை நனைத்துக்கொண்டு போனது செந்நீர்.
பக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டார்:
தண்ணியில்லாத ஆறுன்னா நம்ம பாலாறுதான்பா.
எல்லோரும் தலையாட்டினோம்.
நானும்தான்.

இரண்டு குழுவையும் விட்டு வெளியே வந்தேன்.
சொந்தமாய் ஒன்று தொடங்கினேன்: அளந்து பார்ப்போம்.
முதலில் ஆறு பேர்.
மீட்டர் முள், வோல்ட், வெயில் எத்தனை டிகிரி,
வேறு பேச்சே கிடையாது.
அப்பா, என்ன நிம்மதி.
ஆடிக்குள் அறுபது பேர் ஆனோம்.
அளக்காமப் பேசுறவங்களை வெளியே தள்ளணும்
என்று யாரோ எழுதினார்கள்.
முதல் கட்டைவிரல் என்னுடையது.

பேரணாம்பட்டு ஏகாம்பரம் எழுதினார்:
லுங்கி மூட்டை ஏத்தினா வண்டி மேடு ஏற மாட்டேங்குது.
எங்கிட்ட மீட்டர் இல்ல.
கால ஊணித் தள்ளுறேன், முட்டிதான் சொல்லுது.
முட்டி எத்தனை வோல்ட் சார், என்றது ஒருவர்.
சிரித்த முகங்கள் வரிசையாக விழுந்தன,
மஞ்சள் மஞ்சளாய், ஐம்பது இருக்கும்.
கடையில் தனியாக உட்கார்ந்து
சத்தமாகச் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து
ஏகாம்பரம் வெளியேறினார் என்று காட்டியது.
என்னவோ போலிருந்தது.
ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

மூட்டையை ஏற்றிக் காட்டினார்.
பாதி மேட்டில் வண்டி நின்றது.
அவர் காலை ஊன்றினார், ஒன்றும் பேசவில்லை.
நான் மீட்டரை எடுத்து வைத்தேன்.
எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னது.
மறுபடி வைத்தேன். அதே எண்.
அப்போதுதான் கவனித்தேன்,
திரையின் மூலையில் சின்னதாய் ஒரு செல் படம்
மினுக்கி மினுக்கி அணைகிறது.
மீட்டரின் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது.
எத்தனை நாளாய் மினுக்குகிறதோ.

ஒன்பது வோல்ட் செல் கேட்டு
பஜார் முழுக்க அலைந்தேன்.
ஞாயிற்றுக்கிழமை. கடை எதுவும் திறக்கவில்லை.
மூட்டையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.