எட்டாவது சுருள்

மோல்மேன். நாற்பத்தேழு. மழைக்காலம்.
பாதிக் கூரை தகரம், பாதி ராணுவக் கித்தான்,
அதுதான் எங்கள் கொட்டகை.
கல்கத்தாவிலிருந்து ஏழு டப்பா வந்தது.
எட்டாவது, கப்பலில் எங்கேயோ.
"ஓட்டு" என்றார் முதலாளி,
"வெள்ளைக்காரன் படம், யாருக்குத் தெரியப்போகிறது?"

தெரிந்தது.
பாஷை இல்லாமலே புரிகிற கதை:
ரயில் கைகாட்டிக்காரன் ஒருவன்
குடித்துத் தூங்கிய இரவில்
பாலத்தில் வண்டி கவிழ்கிறது.
சிறை. நரை.
செத்த டிரைவரின் வீட்டைத் தேடிப்
பனியில் நடக்கிறான், நடக்கிறான்,
கதவைத் தட்டக் கை ஓங்குகிறான்.
அத்தோடு ஏழாவது முடியும்.
திரை வெளுக்கும்.
வேர்க்கடலைத் தோல் என் ஜன்னல்வரை பறந்து வரும்.
நாலே நாள். எடுத்துவிட்டோம்.

நாலு நாளும் வந்தவன் மதலைமுத்து ஒருவன்தான்,
தரை டிக்கெட்டில்.
சயாம் பாதையில் ஜப்பான்காரனுக்கு
ஆள் எண்ணிக் கொடுத்த கிராணி.
பேதி கண்ட சின்னாண்டியை
'வேலைக்கு ஆகும்' என்று எழுதியவன்.
சிகரெட்டுக்காக என்பார்கள்.
பயத்தில் என்பான் அவன்,
கள்ளுக்கடையில், யாரும் கேட்காதபோது.

கடைசி இரவு, எல்லோரும் போன பிறகும்
வெள்ளைத் திரை முன் உட்கார்ந்திருந்தான்.
"மிச்சம்?"
"இல்லை" என்றேன்.
"இல்லையா" என்று எழுந்தான்,
குடையை மறந்து போனான்.

குடையைக் கொடுக்கத்தான் பின்னால் போனேன்,
சத்தியமாக.
உப்புக் கிடங்குச் சந்தில்
பூவாயி வீட்டுக் கதவில் அவன் கை.
தட்டினான்.
வாத்தியம் ஏதுமில்லை, மழைதான்.
திறந்தாள். அவன் என்ன சொன்னானோ,
தகர இரைச்சலில் எனக்கு எட்டவில்லை.
அவள் கேட்டது மட்டும் எட்டியது:
"எத்தனாவது கல்?"
"அறுபத்திரண்டு."
கதவு சாத்திக்கொண்டது.

பதினோரு நாள் கழித்து எட்டாவது வந்தது.
ராத்திரி தனியாக ஓட்டிப் பார்த்தேன்.
அந்தப் பெண் அழுகிறாள்,
அவன் தலையைத் தொடுகிறாள்,
பிடில், சூரியன், சுபம்.
சுற்றி, டப்பாவில் போட்டு,
கல்கத்தாவுக்கே திருப்பி அனுப்பினேன்.
அவனிடம் சொல்லவில்லை.

பங்குனியில், தன்பூசாயா போகும் காலை வண்டியில்
அவளைப் பார்த்தேன்.
மடியில் சூடம், வெற்றிலை, ஒரு தேங்காய்.
இரண்டு பெட்டி தள்ளி அவன், மண்வெட்டியோடு.
அதற்கப்பால் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள்,
நடைதான்.
சேர்ந்துதான் போகிறீர்களா என்று கேட்க
நான் யார்?

குடை இன்னும் என்னிடம் இருக்கிறது.
ஒரு கம்பி போய்விட்டது.