எதிர்க்கரை

ஒரு பக்கம் இருட்டடித்த படத்தாளை
டேஷ்போர்டில் சாய்த்து வைத்து
"இந்த ஆறு" என்றார் மொரினாகா.
எனக்கு ஜப்பான் மொழி சுத்தமாய்த் தெரியாது.
கைப்பேசி நடுவில் உட்கார்ந்து
அரைகுறைத் தமிழில் பேசியது.

பாலிக் புலாவ் வளைவுகளில்
என் மைவிக்கு மூச்சு வாங்கியது.
முன்னால் டுரியான் லோரி.
முந்தவும் இடமில்லை, மூக்கை மூடவும் கையில்லை.

கறுப்பு வெள்ளைப் படமாம்.
சண்டை முடிந்து பதினாறு வருடம் கழித்து எடுத்தது.
கதையில் இது பர்மா.
துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
ஒரு சிப்பாய் ஆற்றில் இறங்குகிறான்.
இறங்குவது ஜப்பானில், இவர் ஊருக்குப் பக்கத்து ஓடையில்.
ஏறுவது பினாங்குக் கரையில்.
நடுவே ஒரே ஒரு வெட்டு.
கண் சிமிட்டும் நேரத்துக்குள்
ஐயாயிரம் கிலோமீட்டர் அகலம்.

போன வருடம் அந்தக் கரையில் நின்றுவிட்டார்.
இந்தக் கரைதான் பாக்கி.

ஆறு சுலபத்தில் கிடைக்கவில்லை.
இறால் குளங்களுக்குப் பின்னால்
அதைப் பிடித்து நேராக்கி
சிமெண்டு போட்டிருந்தார்கள்.
காட்டிக்கொடுத்தது மலை:
இரண்டு திமில், நடுவில் பள்ளம்.
தாளைத் தூக்கிப் பிடித்தார்.
திமில் திமிலோடு போய் உட்கார்ந்தது.

அவருடைய அப்பா
கேமரா வண்டி தள்ளியவர்.
நோட்டில் அன்றாடக் கணக்கு:
ஐஸ் கட்டி, கொசுவத்தி, கயிறு.
கித்தாத் தோட்டத்திலிருந்து லோரியில் இருபது பேர்.
துணை நடிகர்களைக் கைப்பேசி
"மிச்ச மனிதர்கள்" என்று பெயர்த்தது.
ஆளுக்கு மூன்று வெள்ளி.
வேலை: பிணமாய்க் கிடப்பது.

அடுத்த வரியை அவரே மெதுவாக வாசித்தார்,
கைப்பேசி பின்னாலேயே வந்தது:
"பதினான்காம் ஆள் படுக்க மறுத்தான்.
ஏன் என்று கேட்க எங்களிடம் மொழி இல்லை."

அப்போதுதான் பார்த்தேன்.
தாளின் இருண்ட ஓரத்தில்,
கிடக்கும் உடம்புகளுக்கு நடுவே,
இரண்டு கால்கள் நிற்கின்றன.
முழங்காலோடு படம் முடிந்துவிடுகிறது.

மொரினாகா என்னையே பார்த்தார்,
நானும் தமிழ்தானே என்பதுபோல.
எந்தத் தோட்டம், யார் பெற்ற பிள்ளை,
எனக்கென்ன தெரியும்?
மூன்று வெள்ளி போதாமல் இருந்திருக்கும்.
சேற்றில் அட்டை இருந்திருக்கும்.
சயாமுக்கு ரயில் போடப் போய்
பிணங்களோடு ஒருமுறை படுத்து
எழுந்து வந்தவனாயும் இருக்கும்.
வாயைத் திறந்தேன்.
"கேட்கிறேன்" என்று காட்டியபடி
கைப்பேசியின் நீலப்புள்ளி துடித்துக்கொண்டே இருந்தது.
"தெரியல" என்றேன்.
அதைச் சரியாகப் பெயர்த்தது.

அளவு பார்க்க ஆள் வேண்டும்,
அந்த இடத்தில் நிற்க முடியுமா என்று கேட்டார்.
சிமெண்டு முடிகிற இடத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.
கணுக்கால் வரை சேறு.
வெயிலுக்கு அது நன்றாகவே இருந்தது.
"முழுசா எடுங்க," என்றேன்,
"தலையோட."

கைப்பேசி அதை
ஜப்பான் மொழியில் சொல்லி முடிக்கும்வரை
எதிர்க்கரையில் ஓர் உடும்பு
அசையாமல் இருந்தது.
பிறகு நீரில் இறங்கியது.