மாதிரிச் செய்தி

காரைக்குடியில் அன்று அடித்த வெயில்
ஸ்டூடியோவின் ஏசியையே படுக்க வைத்திருந்தது.
சந்தையில் கெஜம் நாற்பதுக்கு எடுத்த
பச்சைத் துணிக்கு முன்னால்
அடைக்கலமேரி நின்றாள்.
ஊடகத்துறை, இரண்டாமாண்டு, மாதிரிச் செய்தி.
வானிலை அவள் முறை.

கட்டி வந்தது கண்டாங்கி.
கட்டங்களில் பாதி பச்சை என்பதை
யாரும் யோசிக்கவில்லை,
கேமரா பிடித்திருந்த நான் உட்பட.
கணினியில் திரையைக் கழித்ததும்
சேலையும் பாதி கழிந்தது.
அரக்குக் கோடுகளின் சன்னல் வழியே
வங்கக் கடல்.
இடுப்பருகே ஒரு புயல் சுழன்று
கொசுவத்துக்குள் போய் மறைந்தது.

சிரித்து முடிக்கவே ஆறு டேக்.
ஏழாவதில் அவள் சிரிக்கவில்லை.
"சிவகங்கை மாவட்டத்தில்
இன்று மாலை இடியுடன் கூடிய கனமழை."
நான் எழுதிக் கொடுத்த மழை அது.
மெஸ் வரிசையில் நின்றபடி
டோக்கனின் முதுகில் எழுதியது.

யாரோ அதை வாட்ஸப்பில் போட்டிருக்கிறார்கள்.
நாலு மணிக்குக் கல்லலிலிருந்து போன்.
ஸ்பீக்கரில் போட்டாள்.
மொட்டைமாடியில் காயப்போட்ட மிளகாய், இரண்டு மூட்டை,
அள்ளி உள்ளே போட்டாயிற்றாம்.
கை எரிகிறதாம்.
வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லையாம்.

"அது பயிற்சிம்மா. நெசமில்ல."

கொஞ்ச நேரம்
அந்தப் பக்கத்து மின்விசிறி மட்டும்.

"பயிற்சின்னா
மொகத்த எதுக்குடி அம்புட்டு உறுதியா வச்சிருந்தே?"

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் லென்ஸ் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அது என் கையில்தான் இருந்தது.