நான்காவது போல்ட்

இந்தப் போகத்தில் மூன்றாவது முறையும்
வலது மூலையில் முறிந்தது.
வெட்டு மெசினில் கத்தியாட்டும் தண்டைத்
தாங்கிப் பிடிக்கிற உள்ளங்கையளவுத் தகடு.
துண்டுகளைச் சீமெந்துப் பையில் சுற்றி
என் மேசையில் வைத்துவிட்டு
உதுமாலெவ்வை ஹாஜியார் சொன்னார்:
"மொத்தமாப் போடு புள்ள. இரும்புக்குப் பஞ்சமா?"

சம்மாந்துறையில் எல்லாரும் சொல்வது அதுதான்.
மொத்தமாப் போடு.

நோன்பு காலம். தராவீஹ் முடிந்து
லேத் கடையின் மேல்மாடியில்
மடிக்கணினியின் விசிறி இரைய இரைய
தகட்டை வரைந்தேன்.
எட்டு மில்லிமீற்றர். நாலு துளை.
உருக்கின் பெயரைத் தெரிவு செய்தேன்.
நாலு துளையையும் அசையாதென்று பூட்டினேன்.
ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்.
திரையில் மட்டும் இரும்பு இப்படிச் சொல் கேட்கும்.
சுமையை அம்புக்குறியாய் வைத்தேன்.
பிறகு வலை விரித்தேன்:
முக்கோண முக்கோணமாய்க் கண்கள்,
நடுவில் பெரிதாய், மூலைகளில் பொடியாய்,
கீரி மீனுக்கு விரிப்பது போல.

பட்டை எழுபது வீதத்தில் நிற்க
மின்சாரம் போனது.
பற்றரியில் பதினெட்டு நிமிடம்.

நீலம். பச்சை. இடது மூலையில்
குன்றிமணியளவு சிவப்பு.
கண்ணைச் சிறிதாக்கினேன்; சிவப்பின் எண் ஏறியது.
இன்னும் சிறிதாக்கினேன்; இன்னும் ஏறியது.
கூர் மூலையிடம் கேட்கக் கேட்க
அது கூட்டிக் கூட்டித்தான் சொல்லும்.
துண்டை எடுத்து விரலால் தடவினேன்.
உண்மை மூலையில் சின்னதாய் ஒரு வளைவு இருந்தது.
வரைய மறந்திருக்கிறேன்.
வளைவைப் போட்டதும் மூலை வாயடைத்தது.
காப்புக் காரணி இரண்டு தசம் நாலு.

மறுநாள் ஹாஜியார் திரையைப் பார்த்துப் பதறினார்:
"என்னகா, வாழைமட்டை மாதிரி வளையுது!"
இருநூறு மடங்கு பெருப்பித்துக் காட்டுகிறது என்றேன்.
உண்மையில் ஒரு மயிரிழை.
"அப்ப உண்மையக் காட்டச் சொல்லு."
காட்டினேன். ஒன்றும் அசையவில்லை.
அதையும் அவர் நம்பவில்லை.

கணக்கின்படி இது முறியாது.
முறிந்தாலும் இடது பக்கம்தான் முறிய வேண்டும்.
மேசையிலோ
வலது பக்கம் முறிந்து கிடக்கிறது.

முறிந்த முகத்தை விளக்குக்குச் சாய்த்தேன்.
வரிவரியாய், ஒன்றன்பின் ஒன்றாய்,
நிந்தவூர்க் கரையில் காலையில்
அலை விட்டுப்போன ஈரக் கோடுகள்.
ஒரே அடியில் போனதல்ல.
ஏக்கர் ஏக்கராய், நெல்லோடு நெல்லாய்,
தினம் ஒரு நூல் திறந்திருக்கிறது.

விடிய வட்டைக்குப் போனேன்.
மெசின் வரம்போரம் நின்றது.
கிருபைராசா தகட்டடியில் முழங்கை வரை விட்டு
சுற்றிக்கொண்ட வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.
நான்காவது துளையில் போல்ட் இல்லை.
இருந்ததற்கான தழும்பும் இல்லை.
"அதப் பூட்டினா கை போகாது மிஸ்.
கழட்டிப் பூட்ட இருபது நிமிசம்.
எங்களுக்கு ஏக்கருக்குத்தான் காசு.
மழையும் இருட்டிக்கொண்டு வருது."

எது எங்கே பிடிபட்டிருக்கிறது என்பதற்கு
படிப்பில் வரம்பு நிபந்தனை என்று பெயர்.
வரம்பில் காலே வைக்காமல்
நாலு மூலையையும் நான் பூட்டியிருந்தேன்.

அன்றிரவு ஒரு துளையை விடுவித்தேன்.
சிவப்பு இடது மூலையை விட்டெழுந்து
தகட்டைக் கடந்து
வலது மூலையில் வந்து குந்தியது.
துண்டைத் திரையோரம் பிடித்துப் பார்த்தேன்.
அதே இடம்.
ஸஹருக்கு வீட்டிலிருந்து மூன்று அழைப்பு
எடுக்காமல் கிடந்தது.

புதுத் தகட்டில் வலது பக்கம் ஒரு விலா,
கை நுழைய ஒரு சன்னல்.
மொத்தம் அதே எட்டு.
நாலு போல்ட்டும் கட்டாயம் என்று
கொப்பி ஒற்றையில் எழுதி, கீழே கோடும் இழுத்து
ஹாஜியாரிடம் கொடுத்துவிட்டேன்.

பெருநாள் முடிந்து ஒரு கிழமை.
சந்தைக்குள் கண்டு கிருபைராசா சிரித்தான்:
"நல்ல சாமான் மிஸ்.
இப்ப ரெண்டு போல்ட்டிலயே ஓடுது."

இரண்டுக்குத்தான் கணக்குப் பார்த்திருந்தேன்.
அதை அவனிடம் சொல்லவில்லை.