வலக்கைக்கு லீவு

செவ்வாய்க்கிழமைகளில் வலக்கைக்கு லீவு.
முழங்கை வரை காலுறை மாட்டி,
வாயை ரிபனால் கட்டி,
"நீ நித்திரை கொள்" என்று
மடியில் வைத்துவிடுவாள் டினோஜா.

இனி இடக்கை.
பெருவிரலை உள்ளே ஒளித்து மூடிய கை.
பிறக்க முன்னரே மூளையின் வலப்பக்கத்தில்
ஒரு சின்ன வாய்க்காலில் இரத்தம் நின்றுபோனது.
ஏழு வயதாகியும்
இந்தக் கைக்குச் செய்தி பிந்தித்தான் வருகிறது,
காரைநகர் பஸ் மாதிரி.

பெரியாஸ்பத்திரியின் பின்கட்டு அறையில்
முன்பு நான் சொல்லிக்கொண்டிருந்தேன்:
விரி. மடக்கு. விரி. பத்துத் தரம்.
மூன்றாம் தரத்தில் யன்னலுக்குப் போய்விடுவாள்
கண்ணால்.
கோணமானி வைத்து அளந்தேன்,
மணிக்கட்டு பன்னிரண்டு பாகை.
அடுத்த மாதமும் பன்னிரண்டு.

பிறகுதான் கஸ்தூரியார் வீதியில்
நாற்பது போளை வாங்கினேன்.
ஆளுக்கொரு பால்மா ரின்.
ஒரு நிமிடத்தில் ஆர் கூடப் போடுகிறது?
"உங்களுக்கும் காலுறை, மிஸ்.
இல்லாட்டி அது கள்ள விளையாட்டு."
மாட்டிக்கொண்டேன்.

நாலு கிழமை தோற்றேன், நேர்த்தியாக.
ஐந்தாம் கிழமை ரின்னைக் கவிழ்த்தாள்.
கட்டிலுக்கடியில், கதிரைக்கடியில்,
வாசல் தாண்டி எக்ஸ்ரே வரிசை வரை
போளைகள்.
"பொய்க்குத் தோக்கிறீங்கள்!"

விடிய நண்டுவலை இழுத்த கையோடு
குருநகரிலிருந்து வந்த யூட்
குனிந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார்.
"வீட்டிலயும் இதுதான் மிஸ்.
நானும் தோத்துப் பாத்தன்."

அன்று உண்மையாக விளையாடினேன்.
பதினொன்றுக்கு மூன்று.
அழுதாள்.
மூக்கைத் துடைக்க வலக்கையைத் தூக்கினாள்:
காலுறை.
அப்போது இடக்கை வந்தது.
பாதியில் நின்று, நாடியில் முட்டி,
வழி மாறிக் காதுக்குப் போய்,
திரும்பி,
வந்தது.
நான் சொல்லவில்லை. எண்ணவும் இல்லை.

அடுத்த கிழமை அவர்கள் வரவில்லை.
அதற்கடுத்த கிழமையும்.
என் பிழைதான் என்று
பதிவேட்டில் எழுத இடம் இருக்கவில்லை.

மூன்றாம் செவ்வாய் வந்தாள்.
இடது விரலிடுக்குகளில் நைலோன் நூல் கீறின சிவப்பு.
"காய்ச்சல் மிஸ். பிறகு கடலும் சரியில்லை.
வலையில சாதாளை கழட்டிக்கொண்டு இருந்தவள்,
அந்தக் கையால.
போனில நேரம் வைக்கச் சொல்லி
என்னை இருக்க விடேல்லை."

பன்னிரண்டுக்கு ஏழு.
தோற்றதென்னவோ அவள்தான்.
பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தாள்.
கோணமானி பதினாறு என்றது, எழுதினேன்.
எட்டிப் பார்த்தாள்.
"பதினாறு ஆற்ற? எனக்கு ஏழு, மிஸ்.
ஏழு எண்டு போடுங்கோ."
போட்டேன்.

இரவு பத்து மணி.
சாப்பாட்டு மேசையில் போளை பரப்பியிருக்கிறேன்.
ஏன் கையில் காலுறை என்று
இவர் கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.
பதின்மூன்று வருகிறது.
ஒருக்கால் பதினாலும் வந்தது.

போதுமோ தெரியாது.